பூச்சு வேலைக்கு முன் எனக்கு ஒரு நாள் கொடு

தங்கச்சி,

நேற்று உன் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. தளம் போட்டு, சென்ட்ரிங் பலகையைப் பிரித்து, செங்கல் வேலையும் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பூச்சு என்கிறார் மேஸ்திரி. லைட், ஃபேன், ஏ.சி., கீசர் எல்லாவற்றுக்கும் சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்திருக்கிறார்கள். வேலை சுத்தமாகவே இருக்கிறது. கேமராவுக்கும் இன்டர்நெட்டுக்கும் ரூம் போனுக்கும் ஃபயர் அலாரத்துக்கும் பைப் எங்கே என்று உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் சின்ன வயருக்கா. கடைசியில கேமராக்காரப் பையன் வந்து சுவர் மேலயே கிளிப் அடிச்சு இழுத்துடுவான்" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் காந்தி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்தபோது இதே வார்த்தையைச் சொன்னவள். அதற்கு நான் கொடுத்த விலையை நீயும் கொடுக்க வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் 'லோ வோல்டேஜ்' என்றால் சாயங்காலம் ஃபேன் மெதுவாகச் சுற்றுவது, டியூப் லைட் மினுக்கிக்கொண்டு நிற்பது, மோட்டார் முனகுவது. அதற்கு இ.பி. ஆபீசுக்குத்தான் போக வேண்டும். நான் சொல்வது அதில்லை. உன் கட்டடத்தில் 230 வோல்ட்டில் ஓடும் கரண்ட் ஒரு கூட்டம். 12, 24, 48 வோல்ட்டில் ஓடும் சன்னக் கம்பிகள் இன்னொரு கூட்டம். கேமரா, நெட்வொர்க், டெலிபோன், இன்டர்காம், அலாரம், ஸ்பீக்கர், கதவுப் பூட்டு எல்லாம் இந்த இரண்டாவது கூட்டம். அந்தக் கம்பிகளுக்குப் போடுவதைத்தான் லோ வோல்டேஜ் வயரிங் என்கிறார்கள்.

உன் லாட்ஜை நினைத்துப் பார். 2025 ஜூலை 11 அன்று மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. வெளியே இருக்கிற ஒன்றே ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்தி வந்த பிறகுதானே மளிகைக் கடை யோசனையை விட்டுவிட்டு 12 ரூம் போட்டு லாட்ஜ் என்று முடிவு செய்தாய்? கோட்டையில் ராஜகிரி மலை ஏற வருகிறவன் அறை எடுத்ததும் முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிந்தாக வேண்டும். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் ஆட்கள் வந்து அறை கேட்பார்கள். பணம் ஜி.பே.யில் வரும், பில் கம்ப்யூட்டரில் ஏறும், வாசல் கேமராவில் தெரியும். இத்தனையும் அந்தச் 'சின்ன வயரில்' ஓடுகிறது. லைட் ஒன்று எரியாவிட்டால் அந்த அறை மட்டும்தான் இருட்டு. ரிசப்ஷன் நெட்வொர்க் படுத்தால் லாட்ஜே நின்றுபோகும்.

சின்ன வயசில் கோட்டைக்குப் போனபோது அப்பா கல்யாண மகாலில் நிறுத்திக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்திலேயே சுடுமண் குழாய் வழியாக மேல்மாடி வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்று. கட்டும்போதே தண்ணீருக்கு வழி யோசித்துக் குழாயும் சேர்த்துக் கட்டினார்கள். உன் சுவரும் இன்றைக்கு வெறும் செங்கல்லாக நிற்கிறது. ஒரு காடி வெட்ட அரை மணி நேரம் போதும். பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு வெட்டினால் கொத்தனார், பெயின்டர், தூசி, மூடிக் கிடக்கும் அறை என்று எல்லாமே காசு. தொல்லியல் துறை விதிப்படி கோட்டை எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டவே முடியாது; அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதையும் செய்ய வேண்டும். உன் மனை அந்த இரண்டாவது வளையத்துக்குள் வருகிறது என்று அந்த அனுமதிக்கே எத்தனை மாதம் அலைந்தாய்! கட்டி முடித்த பிறகு மறுபடி இடிக்க, தோண்ட என்று அலையும் நிலை உனக்கு வேண்டாம்.

இப்போது என் கடைக் கதை. வயரிங் போட்டவர் காடியை மிச்சம் பிடிக்க, நெட்வொர்க் கேபிளையும் மாடி ஏ.சி.க்குப் போகும் கரண்ட் வயரையும் ஒரே பைப்பில் இழுத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. கோடை வந்தது. மாடியில் ஏ.சி. கம்ப்ரஸர் எடுக்கும்போதெல்லாம் கீழே பிரின்ட் பாதியில் நின்றது. கவுன்டரில் ஹால் டிக்கெட்டுக்கு நிற்கிற பிள்ளைகள், அங்கே மணி பத்தாகிறது, இங்கே பிரின்டர் பேப்பரைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. பிரின்டரை மாற்றினேன். கம்ப்யூட்டரை மாற்றினேன். நெட் கம்பெனிக்குப் புகார் மேல் புகார் கொடுத்தேன். ஒரு வருஷம் போனது. ரிட்டயர்டு ஆன டெலிபோன் லைன்மேன் ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், "ஏம்மா, மேல ஏதாவது மோட்டார் ஓடுதா?" என்று கேட்டார். சுவிட்ச் பெட்டியைக் கழற்றிக் காட்டினார். ஒரே பைப்புக்குள் சிவப்பு வயரோடு ஒட்டிக்கொண்டு நீலக் கேபிள்.

பிரின்ட் நின்றதுகூடப் பெரிசில்லை. அந்தச் சிவப்பு வயர் என்றைக்காவது சூட்டில் தோல் உரிந்திருந்தால் 230 வோல்ட் நேராக நீலக் கேபிளில் இறங்கி, நான் கை வைக்கிற கம்ப்யூட்டர் வரைக்கும் வந்திருக்கும். கடையில் வேலை பார்த்த பிள்ளைக்கு அப்போது 19 வயசு. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

அதனால் முதல் விதி: இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி பைப், தனித்தனி பெட்டி. பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் நடுவில் ஒரு அடியாவது இடைவெளி விடச் சொல். ஒன்றை ஒன்று தாண்டியே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி நேர் குறுக்காகத் தாண்டட்டும். சாய்வாகக் கூடவே ஓட விடாதே. 25 எம்.எம். பைப் போடு. கேபிள் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, நாளைக்கு இன்னொன்று இழுக்க இடம் வேண்டும். திருப்பத்தில் 'எல்போ' போடாமல் நீளமான 'பெண்டு' போடச் சொல். நெட்வொர்க் கேபிளை அதன் தடிமனைப் போல் நாலு மடங்கு வளைவுக்குக் குறைவாக மடக்கவே கூடாது. ஒவ்வொரு காலிப் பைப்பிலும் ஒரு நைலான் கயிறு விட்டு இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு வை. ஐந்து வருஷம் கழித்து ஏதாவது புதிதாக வந்தால் அந்தக் கயிறு உன்னைக் காப்பாற்றும்.

அந்த லைன்மேன் இன்னொன்றும் காட்டினார். கேபிளின் மேல்தோலை இரண்டு அங்குலம் உரித்தார். உள்ளே எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் கயிறு திரித்த மாதிரி முறுக்கியிருந்தது. "இந்த முறுக்குதாம்மா உயிர்" என்றார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறும். மறுமுனையில் இருக்கிற கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கும். இரைச்சல் அங்கேயே கழிந்துபோகும். 1881-இல் கிரஹாம் பெல் டெலிபோன் கம்பிக்காகக் காப்புரிமை வாங்கிய உத்தி இது. இன்றைக்கும் உன் வைஃபை பெட்டிக்குப் பின்னால் ஓடுவது இதே முறுக்குதான். கேபிள் முனையில் பிளக் மாட்டி கிரிம்ப் பண்ணுகிற பையன் வேலை சுலபமாக வேண்டும் என்று இரண்டு அங்குலம் முறுக்கைப் பிரித்து நேராக்கிவிடுவான். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க விடாதே. பக்கத்தில் நின்று பார். கலர் வரிசையும் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டி வை. நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் அதே வரிசையில் அடிப்பான்.

கேபிள் வாங்கும்போது நீயே கடைக்குப் போ. ஒரு பாக்ஸில் 305 மீட்டர் இருக்கும். இரண்டு பாக்ஸ் ஒரே மாதிரி தெரியும், விலை மட்டும் ஏகத்துக்கு வித்தியாசமாக இருக்கும். விலை குறைந்தது பெரும்பாலும் சி.சி.ஏ. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கண்டுபிடிக்க ஒரு பிளேடு போதும். கம்பியைச் சுரண்டு, உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியம். தூக்கிப் பார்த்தாலும் பாக்ஸ் லேசாக இருக்கும். ஒரே இடத்தில் நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் படக்கென்று ஒடியும். சுவருக்குள் போய் மறைகிற பொருளில் மிச்சம் பிடிக்காதே. கேமராவை இரண்டு வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம், கேபிளை மாற்ற முடியாது. 'கேட் 6' ரகம், முழுச் செம்பு என்று பில்லில் எழுதி வாங்கு. ஒரு இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. உன் கட்டடத்தில் தாண்டாது. ஆனால் பின்பக்க பார்க்கிங் கேட்டுக்குப் போவதை அளந்து பார்த்துக்கொள்.

கேமரா விஷயத்தில் ஒரு கணக்குச் சொல்கிறேன். பஜாரில் எனக்குத் தெரிந்த நெல் மண்டியில் பகலெல்லாம் கேமரா தெளிவாகத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பின்பக்கக் கேமரா மட்டும் கறுப்பாகிவிடும். விடிந்தால் தானாக வந்துவிடும். கேமராவில் கோளாறு என்று இரண்டு தடவை மாற்றினார்கள். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. 12 வோல்ட் சப்ளை முன்பக்க மேஜைக்கு அடியில் இருந்தது. கேமரா 60 மீட்டர் தள்ளி. அரை சதுர மி.மீ. கம்பி என்றால் போக 60, வர 60, மொத்தம் 120 மீட்டர். கம்பியின் தடை மட்டும் சுமார் 4 ஓம். இருட்டினதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரியும். அப்போது அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 4 ஓமை அரை ஆம்பியரால் பெருக்கினால் 2 வோல்ட். 12-இல் 2 வழியிலேயே போனது, கேமரா 10 வோல்ட்டில் மூச்சு விட முடியாமல் அணைந்தது. மூட்டை காணாமல் போன ராத்திரியும் அது அணைந்துதான் கிடந்தது.

இதற்கு நல்ல வழி பி.ஓ.இ. என்கிற முறை. ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் போகும், கேமராவுக்கு வேண்டிய கரண்ட்டும் 48 வோல்ட் அளவில் போகும். வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், வழியில் இழப்பும் குறையும். ஒவ்வொரு கேமரா பக்கத்திலும் பிளக் பாயின்ட் தேட வேண்டாம். கருவிகளை எல்லாம் சேர்த்து வைக்கும் ரேக்கில் ஒரு பி.ஓ.இ. சுவிட்ச், அதற்கு ஒரு யு.பி.எஸ்.; கரண்ட் போனாலும் எல்லாக் கேமராவும் விழித்திருக்கும். இதில் சி.சி.ஏ. கேபிள் போட்டால் கம்பி சூடேறும். செம்புதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனாலும்தான்.

அடுத்து இடி. கவனமாகப் படி. நம் ஊர் மூன்று பாறை மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் இறங்கும். நான்கு வருஷத்துக்கு முன் என் கடைக்கும் பின்னால் இருக்கிற வீட்டுக்கும் நடுவில் நெட்வொர்க் கேபிளை வான்வழியாகக் கட்டியிருந்தேன், வீட்டிலும் நெட் வேண்டும் என்று. ஒரு சாயங்காலம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. நேராக எங்கள் மேல் விழவில்லை. ஆனாலும் ரௌட்டர், ரெக்கார்டர், இரண்டு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட் எல்லாம் ஒரே நொடியில் போயின. மெயின் சுவிட்சை நான் முன்பே அணைத்திருந்தேன்! மின்னல் கரண்ட் வயர் வழியாக வரவில்லை, அந்தச் சன்னக் கம்பி வழியாக வந்தது. வெளியில் தொங்கும் செம்புக் கம்பி எதுவாக இருந்தாலும், பக்கத்தில் விழும் மின்னல் அதில் ஒரு உதை கொடுத்துவிட்டுத்தான் போகும்.

ஆகவே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போவதென்றால் செம்பு வேண்டாம், ஃபைபர் போடு. அதில் ஓடுவது வெளிச்சம். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகக் கேட்டு வாங்கு. பின்பக்க கேட்டில் வாட்ச்மேன் அறை கட்டப் போகிறாயே, அதற்கு இதுதான். வெளியில் இருக்கும் கேமராக்களின் கேபிள் ரேக்குக்குள் வரும் இடத்தில், அந்த உதையைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் போடு. மெயின் போர்டிலும் ஒன்று போடு. எர்த் இல்லாவிட்டால் அந்த சர்ஜ் புரொடெக்டர் ஒரு வேலையும் செய்யாது.

எர்த் என்றதும் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடினால் முடிந்தது என்று நினைப்பார்கள். களிமண் ஊரில் அது நடக்கும். உன் மனையில் நாலடி தோண்டினதுமே பாறை தட்டியதை அஸ்திவாரம் போடும்போதே பார்த்தோம். பாறையில் கரண்ட் இறங்காது. ஒரு குழியோடு நிறுத்தாமல் மனையில் மண் ஆழமாக இருக்கிற பக்கம் பார்த்து இரண்டு மூன்று குழி போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கச் சொல். குழிக்குக் குழி இடைவெளி, கம்பி நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். முடித்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து காட்டச் சொல். 5 ஓமுக்குள் வர வேண்டும் என்பது நல்ல வயரிங்காரர்கள் வைக்கும் கணக்கு. பங்குனி, சித்திரையில் மண் காய்ந்துபோகும். குழிக்கு மேல் மூடி வைத்து வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்று. நெட்வொர்க்குக்கென்று 'தனி எர்த்' போட்டு மெயின் எர்த்தோடு சேர்க்காமல் விடுகிற பழக்கமும் இங்கே உண்டு. அது ஆபத்து. இடி இறங்கும் நொடியில் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது உன் கருவிகள் வழியாகத்தான் பாயும். எல்லாம் ஒரே இடத்தில் இணைந்திருக்க வேண்டும்.

வெள்ளத்தையும் மறக்காதே. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. என் கடையில் முழங்கால் தண்ணீர். கம்ப்யூட்டரை மேஜை மேல் தூக்கி வைத்துவிட்டேன். தரையோடு ஓடிய நெட்வொர்க் பாயின்ட்டும், மேஜைக்கு அடியில் இருந்த சுவிட்சும் சேற்றில் போயின. உனக்கு ரேக் தரைத்தளத்தில் வேண்டாம். முதல் மாடி படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சின்ன அலமாரி அளவு இடம் இருக்கிறது பார், அங்கே வை. மாடிக்கும் கீழுக்கும் நடு இடம், கேபிள் நீளமும் குறையும். காற்றோட்டத்துக்குத் துளை, பூட்டு, உள்ளே யு.பி.எஸ்.ஸுக்கு ஒரு தனி பிளக் பாயின்ட். மோட்டார் ஸ்டார்ட்டரை அந்தப் பக்கம் கொண்டுவராதே. தரைத்தள பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும்.

எலி, அணில், குரங்கு மூன்றும் சன்னக் கம்பிக்கு விரோதி. கோட்டைக் குரங்குகள் மொட்டை மாடிக்கு வராத நாள் இல்லை. தொங்குகிற கேபிளைப் பிடித்து ஆடும், டிஷ்ஷைத் திருப்பும். மொட்டை மாடியில் ஒரு அடிகூடக் கேபிள் வெளியே தெரியக் கூடாது. வெயில் தாங்கும் பைப்புக்குள் போட்டு, ஆறங்குலத்துக்கு ஒரு கிளாம்ப் அடி. பைப் சுவருக்குள் நுழையும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடை. ராத்திரி எலி அந்த வழியாகத்தான் வரும்.

எத்தனை பாயின்ட் என்பதை உட்கார்ந்து எண்ணலாம். அறைக்கு இரண்டு கேபிள்: ஒன்று டி.வி.க்கு, ஒன்று போனுக்கு. ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். வைஃபை காற்றில் வந்தாலும் அதைக் கொடுக்கிற பெட்டிக்குக் கேபிள் வேண்டும். கீழே ஒரு ரௌட்டர் வைத்து மேல்மாடி வரைக்கும் எடுக்கும் என்று நம்பாதே. கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் சுவரும் சிக்னலை விழுங்கிவிடும். மாடிக்கு ஒன்று, நடைபாதையின் மேற்கூரையில் வை.

ஃபயர் அலாரத்துக்குத் தனி பைப், தீப்பிடித்தால் புகை குறைவாக விடும் எஃப்.ஆர்.எல்.எஸ். ரகக் கேபிள். படிக்கட்டுப் பக்கம் போகும் எல்லாக் கேபிளும் அதே ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. தூங்குகிற பன்னிரண்டு குடும்பத்துக்கும் இறங்க அந்த ஒரு படிக்கட்டுதான்.

இனி நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. ரிசப்ஷன் மேஜைக்கு அடியில், உன் வலது முழங்கால் தொடுகிற இடத்தில் ஒரு பட்டன் வை. மாடியில் நீங்கள் தூங்கும் அறையிலும், வாட்ச்மேன் அறையிலும் மணி அடிக்க வேண்டும். மாடிக்கு இரண்டு கோர் கேபிள், 12 வோல்ட், ஒரு சின்ன பேட்டரி; வாட்ச்மேன் அறைக்கு மட்டும் நான் சொன்ன ஃபைபர் வழியாகவே போகட்டும். செலவு ஒரு அறைத் திரைச்சீலைக்கு ஆகிறதில் பாதிகூட வராது. அமாவாசை ராத்திரி உன் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிடப் போயிருப்பார், நீ தனியாக உட்கார்ந்திருப்பாய். குடித்துவிட்டு நாலு பேர் வந்து தகராறு செய்தால் போனைத் தேடி எடுத்து நம்பர் அழுத்த நேரம் இருக்காது. இந்தப் பட்டனைப் போடாமல் நீ பூச்சு பூசினால் நான் கிரகப்பிரவேசத்துக்கு வந்தாலும் மனசு அடித்துக்கொண்டே இருக்கும்.

கேமரா எங்கே வேண்டும், எங்கே கூடாது என்பதில் உறுதியாக இரு. வாசல், ரிசப்ஷன், நடைபாதை, படிக்கட்டு, பார்க்கிங். அறைக்குள்ளும் குளியலறைப் பக்கமும் கிடையாது. அறைக் கதவு திறந்தால் கட்டில் தெரிகிற கோணத்திலும் வைக்காதே. ஒருவரின் அந்தரங்கத்தைப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று வருஷம் வரை ஜெயில். ரெக்கார்டரின் கடிகாரத்தை மாதம் ஒரு தடவை சரிபார். தேதியும் நேரமும் தப்பாக ஓடும் படத்தைப் போலீஸிடம் கொடுத்தால் அது உனக்கே எதிராகக் கேள்வி கேட்கும்.

கேமரா மாட்டியவன் போகும்போது பாஸ்வேர்டை நீ மாற்றிவிடு. 2016-இல் மிராய் என்கிற கெட்ட புரோகிராம் உலகம் முழுக்க, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமரா, ரெக்கார்டர்களுக்குள் புகுந்தது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றை எல்லாம் ஒன்றாகத் திருப்பிவிட்டு அமெரிக்காவில் டுவிட்டர் உட்படப் பெரிய பெரிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள். ஒவ்வொரு பெட்டியும் யாரோ ஒரு கடைக்காரரின், வீட்டுக்காரரின் பெட்டிதான். விருந்தினர் வைஃபையும் உன் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது என்றும் சொல்லி, பிரித்து அமைக்கச் சொல். இது வயர் வேலை இல்லை, செட்டிங் வேலை. ஆனால் அன்றைக்கே முடிக்க வேண்டியது.

ஏற்கெனவே பூசிவிட்ட கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, நீ உன் எதிர்க் கடை அண்ணனிடம் சொல்லலாம். காடி வெட்ட முடியாவிட்டால் நல்ல கேசிங் பட்டியை மேல் மூலையோடு ஓட்டட்டும். கரண்ட் பட்டி ஒரு சுவர், இந்தப் பட்டி எதிர்ச் சுவர். அதுவே பாதி வேலை.

கடைசியாக, போட்டோ. காடி வெட்டிப் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் படம் எடு. சும்மா எடுக்காதே. தரையில் இஞ்ச் டேப்பை விரித்து, கதவு நிலையிலிருந்து எத்தனை அடி என்று படத்தில் தெரிகிற மாதிரி எடு. சுவரில் சாக்பீஸால் 'ரூம் 104, கிழக்கு' என்று எழுதிவிட்டு எடு. பின்னால் டி.வி. மாட்ட ட்ரில் போடுகிறவன் கேபிளை ஓட்டை போடாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே நம்பரை ஒட்டு, வெறும் பேனாவால் எழுதினால் ஒரு கோடையில் அழிந்துவிடும். நம்பர் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி ரேக் கதவுக்கு உள்பக்கம் தொங்கவிடு. மாட்டியவர் போன் எடுக்காத நாளில் வேறு யார் வந்தாலும் வேலை ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலை ஆறரைக்கு சாக்பீஸ், இஞ்ச் டேப், நைலான் கயிறு மூன்றும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வயரிங்கார அண்ணனையும் ஏழு மணிக்கு வரச் சொல். மேஸ்திரியிடம் ரிசப்ஷன் சுவரையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் மட்டும் செவ்வாய் வரைக்கும் தொட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லி வை. எனக்கு ஒரு டம்ளர் காபி போதும், இட்லி நான் கொண்டுவருகிறேன்.

அக்கா